வெந்தய வாசம் அடிக்கும் பிரெஞ்சு ஒயின்

போர்தோ, ஷாம்பெய்ன் தவிர, பிரான்ஸில் அதிகம் பேர் அறியாத, பழைய முறையில் கொஞ்சமாகச் செய்யும் ஒயின் எது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: ஜூராவின் 'வான் ஜோன்'. மஞ்சள் ஒயின் என்று அர்த்தம்.

பர்கண்டிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவில் இருக்கிற மலையடிவாரம் ஜூரா. திராட்சைத் தோட்டங்கள் எல்லாம் சேர்த்தே சுமார் 2,000 ஹெக்டேர்தான். லூயி பாஸ்டர் வளர்ந்த ஆர்புவா ஊர் இங்கேதான் இருக்கிறது. அங்கே ஒரு சின்னப் பண்ணையில்தான் முதலில் குடித்துப் பார்த்தேன். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனால் வெந்தயம்! வாயில் துளி இனிப்பில்லை. கெட்டுப்போன புட்டியைத் திறந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். ஊற்றிக்கொடுத்த அம்மா என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கோந்தே சீஸ் ஒரு துண்டும் இரண்டு வால்நட்டும் தந்தார். அதைக் கடித்துக்கொண்டு குடித்தபோது அதே ஒயின் வேறு ஒயினாக இருந்தது.

வெந்தயம் என் பிரமை இல்லை. வெந்தயத்துக்கு மணம் தருகிற சோட்டலோன் என்ற வேதிப்பொருள்தான் இந்த ஒயினிலும் உண்டாகிறது. பீப்பாயில் ஒயின் ஆவியாகிக் குறையும்போது மற்ற ஊர்களில் மேலே ஊற்றி நிரப்புவார்கள். வான் ஜோன் பீப்பாயைத் தொடமாட்டார்கள். பாலில் ஆடை படிவதுபோல மேலே ஈஸ்ட் படலம் ஒன்று படியும். காற்று ஒயினை ஒரேயடியாகக் கெடுத்துவிடாமல் அதுதான் காக்கிறது. சவாஞான் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்து, அறுவடைக்குப் பிறகு ஆறு வருடத்துக்கும் மேல் அப்படியே கிடக்கும். நடுவில் வினிகராகிப் போகிற பீப்பாய்களும் உண்டு. ஊற்றிய ஒரு லிட்டரில் 620 மில்லிதான் மிஞ்சும் என்பது கணக்கு. அதனால் புட்டியே 620 மில்லிதான். 'கிளாவலான்' என்று பெயர், பார்க்கக் குட்டையாக, தோள் அகன்று இருக்கும்.

இதே ஜூராவில் வான் ஜோன் செய்கிற ஷாத்தோ-ஷலோன் கிராமத்தார் இன்னும் கறார். திராட்சை சரியில்லாத வருடம் அந்தப் பெயரில் ஒயினே வராது. 2001இல் அப்படித்தான் நடந்தது.

விலை குறைவில்லை. ஆனால் திறந்த புட்டி வாரக்கணக்கில் கெடாது, அவசரமாகக் காலி செய்ய வேண்டாம். ஃபிரிட்ஜில் ஜில்லென்று ஆக்கிவிடாதீர்கள், வாசம் எழும்பாது. சாயங்காலம் குடிக்க வேண்டுமென்றால் காலையிலேயே திறந்து வையுங்கள். அப்புறம், கடையில் சவாஞான் வாங்கும்போது லேபிளில் 'உய்யே' என்று போட்டிருந்தால் அது நிரப்பி வளர்த்த ஒயின். நல்ல ஒயின்தான், ஆனால் நான் சொல்கிற வெந்தயம் அதில் கிடைக்காது.