கடைசிக் கச்சேரியில் உதடு கைவிடாமல் இருக்க

கேள்வி: காட்பாடி பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறேன். ஏழாம் வகுப்பிலிருந்து பள்ளி பேண்டில் ட்ரம்பெட் வாசிக்கிறேன். ஜனவரிக் கடைசியில் ஆண்டு விழா. அதுதான் எனக்குக் கடைசிக் கச்சேரி. மொத்தம் 6 உருப்படி, ஐந்தாவதில் எனக்குத் தனி வாசிப்பு, பிறகு தேசிய கீதம். ரிகர்சலில் முதல் மூன்று நன்றாக வருகிறது. ஐந்தாவதுக்குப் போகும்போது மேல் நோட்டு உடைகிறது. போன வருடம் மதியம் கீபோர்டோடு சரியாகச் சேர்ந்த சுருதி, இரவு மேடையில் சேரவே இல்லை. இன்னொன்று, கடைசியில் அழுதுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ட்ரம்பெட் பள்ளியுடையது, விழா முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். சொந்தமாக ஒன்று வாங்கலாமா?

பதில்: தம்பி, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஊதுகிறாய் என்று நீ எழுதவில்லை. ஆனால் ஊகிக்க முடிகிறது. கடைசிக் கச்சேரி, தனி வாசிப்பு வேறு. காலையில் ஒரு மணி நேரம், பள்ளி விட்டபின் இரண்டு மணி நேரம், நோட்டு உடைந்தால் அதே இடத்தை இன்னும் இருபது தடவை. சரிதானே? உன் சிக்கலில் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது.

நான் சொல்வது அனுபவத்தில். பிளஸ் டூ ஆண்டு விழா அன்று மதியம் 2 மணியிலிருந்து 5 மணி வரை மைதானத்தில் நின்று ஊதிப் பழகினேன். யாரும் சொல்லவில்லை, நானேதான். இரவு மேடை ஏறும்போது உதடு ஊறப்போட்ட வடை மாதிரி இருந்தது. தேசிய கீதத்தின் கடைசி வரியில் என் குழலிலிருந்து காற்று மட்டும் வந்தது. பாஸ் டிரம் வாசித்தவன் ஓங்கி அடித்து மானத்தைக் காப்பாற்றினான்.

நோட்டு ஏன் உடைகிறது என்று முதலில் புரிந்துகொள். விரலால் அழுத்தும் பொத்தான்களான வால்வுகளை அழுத்தாமல் ஊதும்போது ட்ரம்பெட்டில் கிடைக்கும் நோட்டுகள் ஓர் ஏணி மாதிரி. கீழே படிகளுக்கு நடுவில் இடைவெளி அதிகம்: சி, அடுத்தது ஜி, அப்புறம் மேல் சி. அதற்கு மேல் ஈ, ஜி என்று போகப் போகப் படிகள் நெருங்கிக்கொண்டே வரும். கீழே உதடு கொஞ்சம் பிசகினாலும் அதே படியில்தான் நிற்கும். மேலே அதே அளவு பிசகினால் பக்கத்துப் படியில் கால் விழும். அதைத்தான் உடைந்தது என்கிறோம். மேல் நோட்டுக்குத் தேவை துல்லியம். துல்லியத்தைத் தருவது வாயைச் சுற்றி வளையம் போல இருக்கும் தசை.

அந்தத் தசை களைத்தால் நீ என்ன செய்கிறாய்? மவுத்பீஸை உதட்டோடு அழுத்துகிறாய். எல்லாரும் அதைத்தான் செய்வோம். அழுத்தினால் அந்த நிமிடம் நோட்டு வந்துவிடும். ஆனால் உதட்டில் ரத்த ஓட்டம் தடைபட்டு, வீங்கி, அடுத்த நோட்டு இன்னும் கஷ்டமாகும். அதற்கு இன்னும் அழுத்துவாய். ரிகர்சல் முடிந்து கண்ணாடியில் பார். உதட்டில் வட்டத் தழும்பு ஆழமாக விழுந்து நெடுநேரம் மறையாமல் இருந்தால் அழுத்தம்தான் வாசித்திருக்கிறது, நீ வாசிக்கவில்லை.

செய்ய வேண்டியது எளிது, ஆனால் உன் வயதில் மனசு ஒப்பாது. 10 நிமிடம் ஊதினால் 10 நிமிடம் கீழே வை. தனி வாசிப்பை முழு பலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் வாசிக்காதே. மற்ற நேரம் மெதுவாக, பாதிச் சத்தத்தில், ஒரு ஸ்தாயி (ஆக்டேவ்) கீழே வாசி. விரலும் மூச்சும் பழகட்டும், உதடு தேய வேண்டாம். மேடையில் வரும் அதே வரிசையில் 6 உருப்படியையும் நிறுத்தாமல் வாசிப்பது வாரத்துக்கு இரண்டு முறை போதும். விழாவுக்கு முந்தைய மூன்று நாளும் வழக்கத்தில் பாதி. விழா அன்று கீழ் நோட்டுகளில் நீண்ட மூச்சாக ஒரு கால் மணி நேரம், அதோடு சரி. அன்று கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லை.

அடுத்தது, உன் மாஸ்டரிடம் நீயே போய்க் கேட்க வேண்டியது. மூன்றாவதிலும் நான்காவதிலும் இருக்கும் மேல் வரிகளை செகண்ட் ட்ரம்பெட் பையனிடம் கொடுக்கச் சொல். நீ கீழ் வரியை வாசி, அல்லது சில இடங்களில் சும்மா நில். இது கௌரவக் குறைச்சல் என்று நினைக்காதே. பெரிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராக்களில் முதல் ஹார்ன் (பிரெஞ்ச் ஹார்ன் என்னும் பித்தளை ஊதுகுழல்) வாசிப்பவருக்குப் பக்கத்தில் இதற்கென்றே ஓர் உதவியாளரை உட்கார வைப்பதுண்டு. முக்கியமான தனி வாசிப்புக்கு முன் அவர் உதட்டை ஆறவைக்கட்டும் என்று மற்றதை இவர் வாசிப்பார். உங்கள் பேண்டில் அடுத்த வருடம் முதல் நாற்காலியில் உட்காரப்போகிற பையனுக்கும் மேடைப் பழக்கம் வேண்டும் இல்லையா? உன் நாற்காலியை விழா முடிந்து கொடுப்பதற்குப் பதில் விழாவிலேயே பாதி கொடுத்துவிடு. இரண்டு பேருக்கும் லாபம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நிகழ்ச்சி தமிழ்த்தாய் வாழ்த்தில் தொடங்கி தேசிய கீதத்தில் முடியும். 2021 டிசம்பரில் அரசு போட்ட ஆணைப்படி தமிழ்த்தாய் வாழ்த்து 55 நொடியில் முடிய வேண்டும். தேசிய கீதம் சுமார் 52 நொடி. ஆக 6 உருப்படி என்று நீ எண்ணுவது உதட்டுக்கு எட்டு. அதுவும் தேசிய கீதத்தில் 'ஜய ஹே' என்று மேலே ஏறும் இடம் முடிவில் வருகிறது. தனி வாசிப்பில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் அங்கே கையில் ஒன்றும் இருக்காது. எனக்கு நடந்தது அதுதான்.

இப்போது சுருதி. இதில் உன் மேல் தப்பே இல்லை, ஊர் அப்படி. வேலூர் என்றாலே வெயில் என்பார்கள். ஆனால் ஜனவரியில் பகலில் 30 டிகிரி தொடுகிற அதே ஊர், இருட்டியதும் கடகடவென்று இறங்கி, விடியற்காலையில் 20-க்கும் கீழே போய்விடும். 20 டிகிரியில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடும். 30 டிகிரியில் 349 மீட்டர். ஒலி வேகமாக ஓடினால் குழலின் சுருதி ஏறும். கணக்குப்படி இந்த 10 டிகிரிக்கு ஊதுகுழல் சுருதி ஒரு செமிடோனில் (கீபோர்டில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும், கறுப்பையும் சேர்த்து எண்ணினால், உள்ள இடைவெளி) கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு மாறும். குழலுக்குள் உன் மூச்சின் சூடும் இருப்பதால் நடப்பில் அவ்வளவு மாறாது. ஆனாலும் காதுக்குத் தெரியும் அளவு மாறும். கீபோர்டு மின்சாரச் சாதனம், குளிரோ வெயிலோ அது அசையாது. மதியம் நீ ஏறிப்போன சுருதியைக் கீபோர்டுக்குச் சமமாக்க ஸ்லைடை (குழலின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் நகரும் பகுதி) வெளியே இழுத்து வைத்திருப்பாய். இரவு காற்று குளிர்ந்ததும் சுருதி இறங்கிவிட்டது, ஸ்லைடு மட்டும் மதியத்திலேயே நின்றுவிட்டது.

(பித்தளை சூட்டில் விரிவதால் சுருதி மாறுகிறது என்று சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர்கள் உண்டு. யோசித்துப் பார், குழல் விரிந்து நீண்டால் சுருதி இறங்க வேண்டும். வெயிலில் ஏறத்தானே செய்கிறது! மாறுவது உள்ளே இருக்கும் காற்று.)

ட்ரம்பெட்டை நீட்டி அளந்தால் மொத்தக் குழல் நீளம் 148 செ.மீ. அளவுக்கு வரும். பெரிய ஸ்லைடை 1 செ.மீ. இழுத்தால் இரண்டு கால்களும் சேர்ந்து 2 செ.மீ. நீளும். அது செமிடோனில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இறக்கும். மதியம் சேரும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வை. இரவு, மேடை ஏறுவதற்கு 10 நிமிடம் முன் கீபோர்டிடம் ஒரு நோட்டு கேட்டு, அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு உள்ளே தள்ள வேண்டும் என்று பார். முடிந்தால் ஒரு ரிகர்சலையாவது இரவு 7 மணிக்கு, அதே மைதானத்தில் வைக்கச் சொல். பரத நாட்டியமும் மாறுவேடமும் முடிய நீ ஓரத்தில் காத்திருக்கும் நேரத்தில் குழல் ஆறிப்போகும். சத்தம் வராமல் வெறும் சூடான மூச்சை உள்ளே அனுப்பிக்கொண்டே இரு. மவுத்பீஸை உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொள். குளிர்ந்த பித்தளை உதட்டில் பட்டால் முதல் நோட்டே தடுமாறும்.

மைக் விஷயம் சுருக்கமாக. ட்ரம்பெட் வாயை மைக்குக்கு நேராக நீட்டாதே, ஓர் அடி இரண்டு அடி தள்ளி, சற்றே சாய்த்து வாசி. மைக் செட்காரரிடம் தனி வாசிப்பு எந்த உருப்படியில் என்று முன்கூட்டிச் சொல்லிவிடு. மைதானத்தின் கோடியில் கட்டிய பாக்ஸிலிருந்து திரும்பி வரும் சத்தத்தைக் கேட்டு வாசித்தால் தாளம் தப்பும். அந்தச் சத்தம் தாமதமாகத்தான் வரும். மாஸ்டர் கையைப் பார்.

சாப்பாடு. விழா நாளில் யாராவது ஆம்பூர் பிரியாணி வாங்கி வருவார்கள், வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். நிகழ்ச்சிக்கு முன் வேண்டாம். காரத்தில் உதடு எரியும், வயிறு நிறைந்தால் மூச்சு அடிவரை இறங்காது. மதியம் தயிர் சாதம், மாலையில் ஒரு வாழைப்பழம். பனிக்கு உதடு வெடித்தால் தேங்காய் எண்ணெய் நல்லதுதான், ஆனால் ராத்திரி படுக்கும்போது தடவு. மேடைக்கு முன் தடவினால் மவுத்பீஸ் வழுக்கும்.

அழுகைக்கு வருகிறேன். இதைக் கேட்டதற்கு வெட்கப்படாதே. ஊதுவாத்தியக்காரனுக்கு இது நிஜமான தொழில் சிக்கல். தபேலா வாசிப்பவன் அழுதுகொண்டே வாசிக்கலாம், நாம் முடியாது. தொண்டை அடைத்தால் மூச்சு வராது, உதடு நடுங்கினால் நோட்டு வராது. அடக்கிக்கொள் என்று சொல்வதால் பயன் இல்லை, அடக்க அடக்கத் தொண்டை இன்னும் இறுகும். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: அழுகையை முன்கூட்டியே முடித்துவிடுவது. கடைசி ரிகர்சலை விடைபெறும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ பிள்ளைகள் எல்லாரும் பேச வேண்டியதைப் பேசி, போட்டோ எடுத்து, அழ வேண்டியவர்கள் அழுதுவிடுங்கள். மேடையில் தனி வாசிப்பு முடிந்து கை தட்டுவார்கள். அந்த நேரம் கூட்டத்தில் அம்மாவைத் தேடாதே. குழலில் சேர்ந்த தண்ணீரை வடித்துவிடு, வால்வை மூன்று தடவை அழுத்திப் பார், வாயைக் குவித்து மெதுவாக, உள்ளே ஒன்றும் இல்லாத வரை மூச்சை வெளியே விடு. கைக்கு வேலை கொடுத்தால் கண் சும்மா இருக்கும். அப்படியும் வந்துவிட்டால் இரண்டு வரி நிறுத்திவிட்டுச் சேர்ந்துகொள். பக்கத்தில் செகண்ட் ட்ரம்பெட் இருக்கிறான். அவனிடம் இதையும் முன்பே சொல்லி வை.

வாங்கலாமா என்றால், இப்போது வேண்டாம். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத் தேர்வு. வீட்டில் ட்ரம்பெட் என்று பேச்செடுக்க இதைவிட மோசமான நேரம் கிடையாது. இப்போதைக்கு மவுத்பீஸ் மட்டும் சொந்தமாக வாங்கிக்கொள். 7சி என்ற அளவு பெரும்பாலான மாணவர்களுக்குப் பொருந்தும். ஆனால் இத்தனை வருடம் வாசித்த மவுத்பீஸின் மேல் என்ன எண் இருக்கிறது என்று பார்த்து அதையே வாங்குவது உத்தமம். படிப்புக்கு நடுவே ஒரு 10 நிமிடம் அதில் ஊதினால் உதடு மறக்காது. தெருவே எழுந்துகொள்ளும் அளவுக்குச் சத்தமும் வராது. புது மவுத்பீஸை விழாவுக்கு மட்டும் எடுத்துப் போகாதே, பழகியதில்தான் வாசிக்க வேண்டும்.

கல்லூரி சேர்ந்தபின் யோசி. அங்கே என்.சி.சி. பேண்டு இருந்தால் குழல் அவர்களே தருவார்கள். வாங்கியே தீருவது என்றால் மலிவு விலைக்கு மீரட்டில் செய்தது கிடைக்கும். காசு கொஞ்சம் சேர்ந்தால் பழைய யமஹா ஒன்று தேடு என்பேன், என் ஓட்டு அதற்குத்தான். பழையது வாங்கும்போது பளபளப்பில் மயங்காதே. முதல் வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து, பிறகு வால்வை அழுத்து. 'பொப்' என்று சத்தம் வந்தால் வால்வு காற்றைப் பிடிக்கிறது. வராவிட்டால் தேய்ந்துபோனது. வாசிப்பதற்கும் வாங்குவதற்கும் யாரிடமாவது கேட்க வேண்டுமானால், கல்யாணத்துக்கும் சாவுக்கும் தெருவில் நடந்துகொண்டே மணிக்கணக்காக ஊதும் பேண்டு செட் அண்ணன்களிடம் கேள். அவர்கள் வாசிப்பதைப் பார்த்துச் சிரிக்கும் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளால் அதே வேகத்தில் அரை கிலோமீட்டர் ஊதிக்கொண்டு நடக்க முடியாது.

திருப்பிக் கொடுக்கும் முன் ட்ரம்பெட்டைக் கழுவிக் கொடு. வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் பாத்திர சோப்பு. கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் மேல் பூச்சு உரிந்துவிடும். வால்வுகளில் 1, 2, 3 என்று எண் இருக்கும், இடம் மாற்றிப் போட்டால் காற்றே போகாது. துடைத்து, வால்வு எண்ணெய் விட்டு, ஸ்லைடுகளுக்கு வாஸ்லைன் தடவு. மூன்றாவது ஸ்லைடு இறுகிக்கொள்ளும் பழக்கம் இருந்தால், இரண்டாவது வால்வு மழைக்காலத்தில் மக்கர் செய்தால், அதையெல்லாம் ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பெட்டிக்குள் வை. ஸ்டோர் ரூமில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதோடு நிற்காமல், அடுத்து அதை எடுக்கப்போகும் பையனையோ பெண்ணையோ கூப்பிட்டு, பெட்டியின் எந்தத் தாழ்ப்பாள் சரியாக மூடாது என்று காட்டிவிடு.