எண்ணெய் வைத்தால் ஒட்டுகிறது, விட்டால் பறக்கிறது

கேள்வி: என் முடி மெல்லிசு. எண்ணெய் வைத்தால் மண்டையோடு ஒட்டிக்கொண்டு, பத்து நாள் குளிக்காதவள் மாதிரி ஆகிவிடுகிறேன். வைக்காவிட்டால் நுனியெல்லாம் துடைப்பம் போல விறைத்து நிற்கிறது. மாஸ்க், சீரம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அதையெல்லாம் வாங்க எனக்குக் கட்டுப்படியாகாது. அதிகச் செலவில்லாமல் வழி உண்டா?
— ஒரு வாசகி

பதில்: உங்கள் கடிதத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. ஒட்டுவது மண்டையில், காய்வது நுனியில். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பார்க்கிறீர்கள், கோளாறு அங்கேதான்.

முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். உங்கள் முடி 36 சென்டிமீட்டர் என்றால் நுனிக்கு வயது மூன்று. மூன்று வருஷத்து வெயிலும் சீப்பும் ஷாம்புவும் பார்த்த கிழம் அது. வேர்ப்பக்கம் இருப்பதோ போன மாதம் முளைத்த குழந்தை. அதற்குத் தேவையான எண்ணெய்ப் பசையை மண்டைத்தோலே சுரந்து கொடுத்துவிடுகிறது. அந்தப் பசை நுனி வரை போய்ச் சேர்வதில்லை, அவ்வளவுதான். மெல்லிய இழை கொஞ்சம் எண்ணெய் பட்டாலே பாரம் தாங்காமல் படிந்துவிடும். ஆகவே இனி காதுக்கு மேலே எதுவும் தடவாதீர்கள்.

எண்ணெயைக் குளித்த பிறகு வைக்காமல், குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வையுங்கள். அரை டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் போதும். அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். அதன் மூலக்கூறு சிறியது, நேரானது என்பதால் முடிக்குள்ளேயே புகுந்துவிடும். அலசும்போது முடி தண்ணீர் குடித்து ஊதுவதும், அதிலுள்ள புரதம் கரைந்து போவதும் குறையும். பெட்ரோலியத்திலிருந்து எடுக்கிற மினரல் ஆயில் அப்படி உள்ளே போகாது, மேலே பூச்சாக நிற்கும். விளக்கெண்ணெய் பக்கமே போக வேண்டாம். நான் ஒரு தடவை அதை அள்ளிப் பூசிவிட்டு, பிசுக்குப் போக மூன்று முறை ஷாம்பு போட்டேன். பிசுக்கோடு முடியில் மிச்சமிருந்த பசையும் போயே போய்விட்டது.

ஷாம்பு மண்டைக்கு மட்டும். வழிந்து இறங்கும் நுரையே நுனிக்குப் போதும், அங்கே போட்டுக் கசக்க வேண்டாம்.

அப்புறம் கண்டிஷனர். நீங்கள் காசு செலவழிக்க வேண்டிய ஒரே இடம் இதுதான், அதுவும் இருப்பதிலேயே மலிவானது போதும். பாட்டிலின் பின்பக்கம் செட்டைல் ஆல்கஹால், செட்டியரில் ஆல்கஹால் என்று இருந்தால் பயந்து திரும்ப வைத்துவிடாதீர்கள். பெயரில்தான் ஆல்கஹால், மற்றபடி மெழுகு மாதிரியான கொழுப்புப் பொருள், முடியை உலர்த்தாது. பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு என்ற நீளப் பெயர் கண்ணில் பட்டால் தாராளமாக எடுக்கலாம். அதற்கு நேர்மின்னூட்டம். தேய்ந்து போன முடியில் எதிர்மின்னூட்டம் அதிகம். அதனால் அடிபட்ட இடமாகப் பார்த்துப் போய் ஒட்டிக்கொள்ளும். விலை உயர்ந்த பாட்டிலிலும் இதே வகைச் சரக்குதான், கூடவே நல்ல வாசனையும் அழகான மூடியும் இருக்கும்.

போடுகிற விதம் முக்கியம். ஷாம்புவை அலசியதும் முடியை லேசாகப் பிழியுங்கள், சொட்டச் சொட்ட இருந்தால் கண்டிஷனர் தண்ணீரோடு ஓடிவிடும். சுண்டைக்காய் அளவு எடுத்து, நுனியிலிருந்து மேலே ஏறி, காதுமடலோடு நிறுத்துங்கள். அகலப் பல் சீப்பை ஒரு முறை ஓட விடுங்கள். இழைகள் விரலுக்கிடையில் வழுக்கிக்கொண்டு போனால் அளவு சரி. இன்னும் கரகரத்தால் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், பெரும்பாலும் கூடுதல் கண்டிஷனர் தேவைப்படாது. இரண்டு மூன்று நிமிடம் விட்டு அலசுங்கள். காய்ந்த பிறகும் நுனி பறந்தால், அடுத்த முறை ஈரத்தோடு இருக்கும்போதே மிளகளவு கண்டிஷனரை உள்ளங்கையில் தேய்த்து, கடைசி நாலு விரல்கடை முடியில் மட்டும் ஒற்றி அப்படியே விட்டுவிடுங்கள்.

துண்டால் பரபரவென்று துவட்டுவதை விட்டுவிட்டு, பழைய காட்டன் டீ-ஷர்ட்டில் பொத்திப் பிழியுங்கள். ஈர முடி எளிதில் இழுபட்டு அறுந்துவிடும்.

இந்த வறட்சி திடீரென்று வந்ததா? கூடவே முடி கொத்தாகக் கொட்டி, உடம்பும் அசதியாக இருந்தால் தைராய்டு, இரும்புச்சத்து இரண்டையும் டாக்டரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். அதைக் கண்டிஷனர் சரிசெய்யாது.

பிளந்த நுனியையும் எந்தக் கிரீமாலும் நிரந்தரமாக ஒட்டவைக்க முடியாது. பிளவுக்குச் சற்று மேலே கத்தரித்துவிடுங்கள். ஒரு சென்டிமீட்டர்தானே, அடுத்த மாதமே வளர்ந்துவிடும்.