சொல்ல வேண்டியதை நேரில் சொல்லாமல், குழந்தையிடமோ நாயிடமோ சொல்வது ஏன்?

ஒருவருக்குச் சொல்ல வேண்டியதை, அவர் காதில் விழும்படி வீட்டு நாயிடமோ கைக்குழந்தையிடமோ சொல்வது ஜாடைப் பேச்சில் ஒரு வகை.

"பார் கண்ணே, அப்பாவுக்கு நம்மோடு உட்கார நேரமில்லையாம்" என்கிறாள் ஒரு தாய். இடுப்பில் இருக்கும் குழந்தை அவள் சங்கிலியைக் கடித்துக்கொண்டிருக்கிறது. கைப்பேசியில் இருந்து நிமிர்வதோ கணவன்தான். 'நேரமில்லையாம்' என்பதன் கடைசியில் வரும் 'ஆம்' என்ற ஒட்டைக் கவனியுங்கள். குற்றச்சாட்டை அது யாரோ சொன்ன சேதியாக மாற்றிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இது.

"உங்களுக்கு நேரமே இல்லை" என்று நேராகச் சொன்னால், கேட்பவர் உடனே தன்னைக் காத்துக்கொள்ளப் பேச வேண்டும். குழந்தை வழியாக வரும்போது குரல் தானாகவே குழைகிறது. அவர் பதில் சொல்லலாம், சிரித்துவிட்டு எழுந்தும் வரலாம். கேரம் பலகையில் நேராக அடிக்க முடியாத காயை, ஓரத்தில் மோதித் திரும்பும் அடியால் தொடுகிறோம் அல்லவா, அதுபோல.

அமெரிக்க மொழியியலாளர் டெபோரா டேனன், குடும்பங்களின் அன்றாடப் பேச்சுப் பதிவுகளைக் கொண்டு 2004இல் எழுதிய ஆய்வில், செல்லப்பிராணிகள் இப்படிப் பயன்படுவதை விரிவாகக் காட்டினார்.

நேரில் பேசத் துணிவில்லாதவர்களின் குத்தல் பேச்சு என்றே பலர் இதை எண்ணுகிறார்கள். சில வேளைகளில் குத்தலும்தான். ஆனால் பாராட்டும் மன்னிப்பும்கூட இதே வழியில் வருகின்றன.