விளக்கை விடுங்கள், முதலில் பொயின்ற்றை எண்ணுங்கள்

மாரிக்கு முன் கூரை ஏறிவிட வேண்டும் என்ற அவசரம் வன்னியில் வீடு கட்டும் எல்லோருக்கும் உண்டு. அந்த அவசரத்தில் கையெழுத்தாகும் ஒப்பந்தங்களில் கல்லுக்கும் கம்பிக்கும் பக்கம் பக்கமாக விவரம் இருக்கும். மின் வேலைக்கு மட்டும் ஒற்றை வரிதான். இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அந்த ஒற்றை வரியால் வந்த தொல்லைகள்.

கேள்வி: ஒப்பந்தகாரர் தந்த மதிப்பீட்டில் "மின் வேலை, விளக்குகள் உட்பட" என்று ஒரே தொகையாகப் போட்டிருக்கிறார். விளக்குகளை நானே வாங்குகிறேன், அந்தக் காசைக் கழியுங்கள் என்றால், "அது பெரிய தொகை இல்லை அம்மா" என்கிறார். எப்படிக் கதைப்பது? (கனகபுரம், கிளிநொச்சி)

பதில்: பெரிய தொகை இல்லையென்றால், எவ்வளவு என்று எழுதித் தருவதில் அவருக்கு என்ன கஷ்டம்? அதைத்தான் கேளுங்கள். கோபப்படாமல், கையெழுத்துக்கு முன் கேளுங்கள். கையெழுத்துக்குப் பிறகு கழிவு கேட்டால் அவர் சொல்வதுதான் விலை.

மின் வேலையைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். குழாய், வயர், ஆளி, கூலி எல்லாம் ஒரு பகுதி. பிரதான பலகை, ட்ரிப் சுவிட்ச் (மின் கசிந்தால் தானே வெட்டும் ஆளி), புவித்தொடுப்பு (எர்த்) இன்னொரு பகுதி. இவை இரண்டும் அவர் பொறுப்பிலேயே இருக்கட்டும். இவற்றில் கை வைத்துக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். விளக்குகளையும் மின்விசிறிகளையும் மட்டும் ஓர் ஒதுக்குத் தொகையாகப் போடலாம். தெரிவு செய்வது நீங்கள். பற்றுச்சீட்டின்படி கூடினால் நீங்கள் கொடுக்கிறீர்கள், குறைந்தால் அவர் கழிக்கிறார். "குறைந்தால்" என்ற பாதி பல ஒப்பந்தங்களில் காணாமல் போய்விடும், கவனம். நீங்கள் வாங்கிய விளக்கை மாட்டும் கூலி யாருடையது என்பதையும் அதே வரியில் முடித்துவிடுங்கள்.

ஆனால் விளக்கை எப்போதும் மாற்றலாம். சுவருக்குள் போன குழாயை மாற்ற முடியாது. ஆகவே பேரத்தின் வலுவை பொயின்ற் எண்ணிக்கையில், அதாவது விளக்கு, விசிறி, ஆளி, செருகி வரும் இடங்களின் எண்ணிக்கையில் காட்டுங்கள். வரைபடத்தின் பிரதி ஒன்றை மேசையில் விரித்து, வீட்டில் எல்லோரும் இருந்து, இரவில் யார் எங்கே நடப்பார்கள் என்று யோசியுங்கள். கட்டிலில் படுத்தபடி அணைக்கக்கூடிய ஆளி, நடையின் இரண்டு முனையிலும் இயங்கும் இருவழி ஆளி, சாமி அறை, கிணற்றடி, வெளி மலசலகூடம், கேற். ஒவ்வொன்றையும் குறித்து இருவரும் கையெழுத்திடுங்கள். மேலதிக பொயின்ற் ஒன்றுக்கு என்ன விலை என்பதையும் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். இன்று ஐந்து பொயின்ற் கூடக் கேட்டால் அது பேரம். சாந்து பூசிய பிறகு ஒன்று கேட்டாலும் அது கெஞ்சல்.

"அல்லது அதற்கு இணையானது" என்ற சொற்றொடர் உங்கள் மதிப்பீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். 2022 நெருக்கடியில் ரூபாய் விழுந்து, குறித்த சாமான் கடையில் இல்லாமல் போனதைக் கண்ட ஒப்பந்தகாரர்கள் அதைப் போடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இணையானது எது என்று தீர்மானிப்பவர் யார்? "வீட்டுக்காரரின் எழுத்துமூலச் சம்மதத்துடன்" என்று பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாதான் வீட்டுக்குக் காசு அனுப்புகிறார். கூடத்துக்குப் பெரிய தொங்குவிளக்கும் அறைகளுக்கு விளக்குகளும் கப்பலில் வருகின்றன. ஒப்பந்தகாரர் மாட்ட மாட்டேன் என்கிறார். (புதுக்குடியிருப்பு)

பதில்: ஒப்பந்தகாரர் பக்கம்தான் நான். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். பெட்டிகள் ஏறுமுன் அண்ணாவிடம் ஒவ்வொரு விளக்கின் பின்புறச் சீட்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "100–240" என்று இருந்தால் பயமில்லை. "120" மட்டும் இருந்தால், உள்ளே எல்ஈடி பலகை வைத்து அடைத்த விளக்கு இங்கே ஆளியைப் போட்ட கையோடு போய்விடும். குமிழ் தாங்கி மட்டும் உள்ள தொங்குவிளக்கென்றால், நல்ல மின்னியலாளர் தாங்கியையும் வயரையும் மாற்றி, இங்கத்தைய குமிழ் போட்டுத் தரலாம். லண்டனிலிருந்து வருவதாக இருந்தால் இந்தத் தலையிடியே இல்லை, அங்கும் 230தான்.

அடுத்தது நிறை. எத்தனை கிலோ என்பதை கொங்கிறீற் தட்டுப் போடுமுன் ஒப்பந்தகாரருக்குச் சொல்லுங்கள். கொக்கியைக் கம்பியோடு சேர்த்துக் கட்டியே வார்க்க வேண்டும். ஓட்டுக் கூரை, சீற்றுக் கூரை என்றால் மரத்திலிருந்து தொங்க வேண்டும், சீலிங் பலகையிலிருந்து அல்ல. ஒப்பந்தத்தில், நீங்கள் தரும் விளக்குக்கு அவர் உத்தரவாதம் இல்லை, மாட்டிய வேலைக்கு மட்டுமே பொறுப்பு என்று எழுதினால் அவர் மறுப்பு இளகும். பெட்டி பிந்தினால் வேலை நிற்காமல் இருக்க, அந்த இடங்களில் சாதாரணத் தாங்கி போட்டு முடிக்கலாம்.

காசு தருபவர் விளக்கையும் தெரிவு செய்ய விரும்புவது இயல்புதான். இரவு ஏழு மணிக்குக் குசினியில் நின்று மீன் வெட்டப்போவது அவரல்ல என்பதையும் மெதுவாகச் சொல்லிவையுங்கள்.

கேள்வி: கூடத்தின் சீலிங்கில் இருபது சின்ன விளக்குகள் பதித்துத் தருவதாகவும், அதற்குத் தனிக் காசு இல்லை என்றும் சொல்கிறார். ஏற்றுக்கொள்ளலாமா? நடுவில் மின்விசிறியும் உண்டு. (மாங்குளம்)

பதில்: விசிறி இருப்பதால்தான் யோசிக்க வேண்டும். இறக்கைக்கு மேலே இருக்கும் விளக்கின் ஒளியை ஒவ்வொரு இறக்கையும் வெட்டிக்கொண்டே இருக்கும். புத்தகத்தின் மேல் நிழல் துடித்தபடி இருக்கும். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை அந்த அறையில் ஒரு மணி நேரம் இருக்காது. 56 அங்குல விசிறி நடுவிலிருந்து 28 அங்குலம் வீசும். விளக்குகள் அந்த வட்டத்துக்கு வெளியே இன்னும் ஓர் அடியாவது தள்ளி இருக்கட்டும்.

இன்னொன்று, சீற்றுக்கும் சீலிங்குக்கும் இடையில் பங்குனி, சித்திரை வெயிலில் என்ன சூடு இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எல்ஈடி விளக்கில் பெரும்பாலும் முதலில் சாவது ஒளி தரும் பொட்டு அல்ல, அதை ஓட்டும் மின்னணுப் பலகை. அதற்கு எமன் சூடுதான். இருபதை எட்டாகக் குறைத்து, மிச்சத்துக்குச் சுவரில் நான்கு அடி எல்ஈடி ரியூப் இரண்டு கேளுங்கள். அதே வகை விளக்கில் இரண்டை உபரியாகவும் வாங்கி வையுங்கள். அடுத்த வருடம் அதே வட்டம் கடையில் கிடைக்காது.

கேள்வி: கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். வெளி விளக்குகள் துருப்பிடிக்கின்றன. (அளம்பில்)

பதில்: பொன்முலாம் பூசிய இரும்பு விளக்கைக் கடைக்காரருக்கே விட்டுவிடுங்கள். தடித்த பிளாஸ்டிக் உடல், துருவேறா உருக்குத் திருகாணி, தூசியும் தண்ணீரும் உள்ளே புகாது என்பதற்குப் பெட்டியில் "ஐபி65" என்ற குறி. மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுத ஒரு வரி போதும்.

கேள்வி: மழை விட்ட இரவுகளில் ஈசல் வீட்டுக்குள் கொட்டுகிறது. விளக்கில் ஏதும் செய்யலாமா? (ஒட்டுசுட்டான்)

பதில்: முழுதாகத் தப்ப முடியாது. வாசலுக்கு நேர் மேலே வெள்ளை விளக்கு வைக்காதீர்கள். விறாந்தைக்கு 3000 கெல்வினோ (ஒளி நிறத்தின் அளவு) அதற்குக் கீழோ உள்ள மஞ்சள் ஒளி, வளவில் தள்ளி ஒரு கம்பத்தில் வெள்ளை ஒளி. பூச்சி அங்கே போகும்.

கேள்வி: இந்திய வீட்டுத்திட்டத்தில் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாயில் கட்டிய வீட்டுக்கு முன்னால் இரண்டு அறை சேர்க்கிறோம். புதிய விளக்குகளைப் பழைய வயரிலேயே கொழுவலாம், செலவு குறையும் என்கிறார் ஒப்பந்தகாரர். காசை எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்றும் சொல்லுங்கள். (மல்லாவி)

பதில்: பழைய வயரில் கொழுவ வேண்டாம். பிரதான பலகையிலிருந்து புதிய அறைகளுக்குத் தனி வழி கேளுங்கள்: விளக்குக்கு 1/1.13 வயர் (1.13 மில்லிமீற்றர் கம்பி ஒன்று), 13 அம்பியர் செருகிகளுக்கு 7/0.67 (0.67 மில்லிமீற்றர் கம்பி ஏழு). 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் பழைய பகுதிக்கும் சேர்த்து வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். புவித்தொடுப்புக் கம்பியைக் கோடையிலும் ஈரம் இருக்கும் இடத்தில், கிணற்றடிப் பக்கமாக இறக்கச் சொல்லுங்கள். காய்ந்த மண் மின்னைச் சரியாக வாங்காது.

காசு கொடுப்பதற்கு வீட்டுத்திட்டம் காட்டிய வழியே போதும். அப்போது ஒரு கட்டம் முடிந்ததைப் பார்த்த பிறகுதானே அடுத்த கட்டக் காசு வந்தது? அதையே மின் வேலைக்கும் வையுங்கள். குழாயும் பெட்டிகளும் சுவரில் பதிந்ததும் ஒரு பங்கு, வயர் இழுத்ததும் ஒரு பங்கு, விளக்குகள் எரிந்து சோதனை அறிக்கை கையில் வந்ததும் ஒரு பங்கு. 5 வீதத்தை முதல் மாரி முடியும்வரை பிடித்து வைப்பதாக எழுதுங்கள். ஒழுக்கும் ஈரமும் அப்போதுதான் தெரியும். முதற் பங்கைக் கொடுக்குமுன், சாந்து பூசாத சுவர்களைக் குழாயோடு, பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்துக் கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். பிறகு சாமிப் படத்துக்கு ஆணி அடிக்கும்போது தேவைப்படும்.