ஸிகாடெலாவில் இறங்கலாமா?

கேள்வி: ஜூலையில் மெக்ஸிகோவின் புவெர்த்தோ எஸ்கோந்திதோ போகிறோம். நீச்சல் சுமார்தான். ஸிகாடெலா கடற்கரையில் சர்ஃபிங் பழகலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஹவாயில் குழாய் போலச் சுருண்டு விழும் 'பைப்லைன்' அலையை வைத்து, அதற்கு 'மெக்ஸிகன் பைப்லைன்' என்றே பட்டப்பெயர். மே முதல் அக்டோபர் வரை தெற்கிலிருந்து வரும் பெரிய அலைகள் கரைக்குப் பக்கத்திலேயே, ஆழமில்லாத மணல்திட்டு மேல் அப்படியே கவிழும், இழுப்பும் பலமாக இருக்கும், அதனால் மணலில் உட்கார்ந்து வேடிக்கை பாருங்கள் (அதுவே காசு கொடுத்துப் பார்க்க வேண்டிய காட்சி). பழகுவதற்குக் கரிஸாலில்யோ போதும். சின்ன வளைகுடா, அலை சாது, ஆனால் 150 படிகளுக்கு மேல் இறங்கி ஏற வேண்டும், முட்டிவலிக்காரர்கள் யோசிக்கவும். சும்மா சோம்பிக் கிடக்க, ஸிகாடெலாவின் தென்கோடியில் இருக்கும் லா புந்தா. அப்புறம், வஹாகா நகரிலிருந்து வருவதாக இருந்தால் 2024-ல் திறந்த புதிய சாலையில் வாருங்கள், பழைய மலைப்பாதையின் வளைவுகள் வயிற்றைக் கலக்கிவிடும்.