ஐஸ் பெட்டியில் ஏறும் பொட்டாசியம்

கேள்வி: ரத்த மாதிரி எடுக்கும் சிறு மையம் நடத்துகிறேன். காலையில் எடுத்த ரத்தத்தை அப்படியே ஐஸ் பெட்டியில் வைத்து மதியம் கடலூர் லேபுக்கு அனுப்புகிறேன். பலருக்குப் பொட்டாசியம் மட்டும் 6-ஐத் தாண்டுகிறது. சோடியம் சரியாக வருகிறது. மெஷினில் எலெக்ட்ரோடு பழுதா?
- வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: பெரும்பாலும் தவறு ஐஸ் பெட்டியில்தான். சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் வெளியே இருப்பதைவிட இருபது மடங்குக்கும் மேல். அதை உள்ளே பிடித்துவைப்பது அணுச்சவ்வில் உள்ள பம்ப். குளிரில் பம்ப் ஓய்ந்துவிட, பொட்டாசியம் வெளியே கசியும், சோடியம் உள்ளே போகும். அணு உடையாததால் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) சிவக்காது, தெளிந்த மஞ்சளாகவே இருக்கும். லேபில் யாருக்கும் சந்தேகம் வராது. 140 இருக்கும் சோடியத்தில் 2 குறைந்தால் கண்ணில் படாது. 4 இருக்கும் பொட்டாசியத்தில் 2 கூடினால் ரிப்போர்ட்டே மாறிவிடும்.

எலெக்ட்ரோடு, தன்னிடம் வந்த சீரத்தை அளக்கிறது, அவ்வளவுதான். அதன் முனையில் வாலினோமைசின் என்ற மூலக்கூறு கலந்த பிவிசி சவ்வு இருக்கும். அந்த மூலக்கூறின் நடுக்குழியில் பொட்டாசியம் அயனி கச்சிதமாக உட்காரும், சோடியம் உட்காராது. சோடியத்துக்குத் தனிவகைக் கண்ணாடி. சவ்வில் எழும் மின்னழுத்தத்தை, மின்னழுத்தம் மாறாத ரெஃபரன்ஸ் எலெக்ட்ரோடோடு ஒப்பிட்டு மெஷின் கணக்கிடுகிறது. 37 டிகிரியில் அயனி பத்து மடங்கானால் மாற்றம் சுமார் 61.5 மில்லிவோல்ட். சோடியத்தின் நார்மல் எல்லை, 135 முதல் 145 வரை முழுவதுமே, 2 மில்லிவோல்ட்டுக்குள் அடங்கிவிடும்! ஒரு காற்றுக்குமிழி, சவ்வில் படிந்த புரோட்டீன், ரெஃபரன்ஸில் வற்றிய பொட்டாசியம் குளோரைடு கரைசல், எதுவானாலும் அளவைக் கெடுக்கும். ஆனால் அது கன்ட்ரோல் சாம்பிளிலும் (அளவு முன்பே தெரிந்த மாதிரி) தெரியும். அன்றைய கன்ட்ரோல் சரியா என்று லேபில் கேளுங்கள்.

ரத்தத்தை வேகமாகச் சுற்றி சீரத்தைப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜ் ஒன்றை நீங்கள் வாங்கியே ஆகவேண்டும். ரத்தம் அறை வெப்பத்தில் 30 நிமிடம் உறையட்டும். பிறகு 10 நிமிடம் சுற்றுங்கள். எடுத்த 2 மணி நேரத்துக்குள் சீரத்தை வேறு டியூபுக்கு மாற்றிவிட்டால், அது ஐஸில் போகலாம். சீரத்துக்கும் அணுக்களுக்கும் நடுவே ஜெல் தடுப்பு வரும் ஜெல் டியூபானால், அதை மறுபடி சுற்றாதீர்கள். ஊதா மூடி டியூபை சீரம் டியூபுக்குப் பிறகே நிரப்புங்கள். ரத்தம் உறையாமலிருக்க அதிலுள்ள இடிடிஏ ஒரு பொட்டாசியம் உப்பு, சிறிது கலந்தாலும் பொட்டாசியம் ஏறி கால்சியம் இறங்கும். கையை மூடித் திறக்கச் சொல்வதும் வேண்டாம், அதுவும் பொட்டாசியத்தை ஏற்றும்.

இதைவிட ஆபத்து, வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் 2.8-க்கு இறங்கியவருக்கு உங்கள் பெட்டி 4.2 காட்டுவது. யாரும் மறுபடி பார்க்கமாட்டார்கள். அதேபோல், 6-க்கு மேல் வந்ததெல்லாம் பொய் என்றும் விடாதீர்கள். சிறுநீரக நோயாளிக்கு அது உண்மையாக இருக்கலாம், இதயத் துடிப்பையே குலைக்கும். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். மறு ரத்தத்தை லேபிலேயே எடுக்கச் செய்யுங்கள்.