நீலம் ஏன் வெளுக்கிறது? சயனோடைப் கேள்வி பதில்

போன ஞாயிறு திருவான்மியூர் மொட்டை மாடியில் சயனோடைப் (மருந்து பூசிய காகிதத்தின் மேல் இலை போன்றவற்றை வைத்து, வெயில் காட்டி, கழுவி நீலப் படம் எடுக்கும் முறை) பழகியவர்கள், வீட்டில் செய்து பார்த்துவிட்டுக் கேட்டவை இவை.

அக்கா, மாடியில் அடர் நீலமாக வந்தது. வீட்டில் கழுவினால் வெளிறிப் போகிறது. மருந்து கெட்டுவிட்டதா?

மருந்தைத் திட்டாதீர்கள், குழாயைப் பாருங்கள். போர் தண்ணீர்தானே? படத்தில் வரும் நீலத்துக்கு, அதாவது பிரஷ்ய நீலத்துக்கு, காரம் ஆகாது (மிளகாய்க் காரம் இல்லை, சோப்புக் காரம்). நானே ஒருமுறை முருங்கை இலை பிரிண்டை போர் தண்ணீரில் போட்டுவிட்டு போன் பேசப் போனேன். வந்து பார்த்தால் பழைய ஜீன்ஸ் நிறம். முதல் அலசலுக்கு கேன் தண்ணீர் எடுங்கள், அதில் கொஞ்சம் வெள்ளை வினிகர் விடுங்கள். மஞ்சள் கரைவது நின்றதும் வெளியே எடுத்துவிடுங்கள், ஊறப் போடாதீர்கள்.

மருந்து அளவு மறுபடி சொல்லுங்க மேடம்.

பச்சை ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராம், 100 மி.லி. தண்ணீரில். பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம், வேறொரு 100 மி.லி.யில். பூசும்போது மட்டும் சம அளவு கலக்கவும். சிட்ரேட்டில் பூஞ்சை பிடித்தால் வடிகட்டிக்கொள்ளலாம்.

ஏம்மா, சயனைடுன்னு பேர் இருக்கே, பேரன் இருக்கிற வீடு?

பயம் நியாயம்தான். இதில் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருக்கிறது, சும்மா பிரியாது. கடும் அமிலம் பட்டாலோ அதிகம் சூடானாலோ ஆபத்து. பாத்ரூம் ஆசிட் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள். வினிகர் பரவாயில்லை. சமையல் கிண்ணம் வேண்டாம், கையுறை போடுங்கள், பாட்டில்கள் பேரனுக்கு எட்டாமல் பூட்டுக்குள் இருக்கட்டும்.

வெயிலில் எத்தனை நிமிஷம்?

கடிகாரத்தை நம்பாதீர்கள். சித்திரை மதியத்தில் 5 நிமிஷம் போதலாம், மேகம் வந்தால் 20 ஆனாலும் போதாது. நிறம்தான் கணக்கு. மஞ்சள் பச்சை நீலமாகி, அதையும் தாண்டிச் சாம்பல் பூத்தாற்போல் வரவேண்டும். நீலமானதுமே எடுத்தால் கழுவும்போது பாதி ஓடிவிடும். அப்புறம், நம் ஊர்ப் புழுக்கத்தில் மருந்து பூசிய காகிதம் காய்ந்த மாதிரிதான் தெரியும். வெயிலில் வைக்கும் முன் இருட்டறையில் ஃபேனுக்கடியில் நன்றாகக் காயவிடுங்கள்.

நீலப் புள்ளிகள் வருகின்றன.

பிரஷ்ஷின் தகரப் பட்டை துருப்பிடித்திருக்கும். பஞ்சு பிரஷ்ஷுக்கு மாறுங்கள்.

பெசன்ட் நகர் கரையில் ஒதுங்கும் பாசியை வைக்கலாமா?

தாராளமாக. ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842இல் இந்த முறையைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் இப்படித்தான் கடற்பாசிகளைப் பதித்துப் புத்தகமாக்கத் தொடங்கினார். உப்புப் போக அலசி, செய்தித்தாளுக்கு நடுவே இரண்டு நாள் அழுத்திவையுங்கள். ஈரத்தோடு வைத்தால் கறைதான் பதியும்.